கரித்தூளும் தின்னர் டப்பாவும்: முதுகுளத்தூர் வட்டாரக் கரித்தொழில் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, சாயல்குடி பக்கங்களில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கும், மூட்டம் பிரித்துக் கரி பொறுக்கிச் சலித்து மூட்டை பிடிக்கும் பெண்களுக்கும், கரி வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும், அந்த வீடுகளிலிருந்து பாலிடெக்னிக்கும் பொறியியலும் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த மடல்.

கட்டிக்கரிக்கு விலை உண்டு. சல்லடைக்குக் கீழே விழும் தூளுக்கு அந்த விலை இல்லை. கட்டைக்கரி, தூர்க்கரி என்று தரம் பிரித்து லாரி ஏற்றிய பிறகு களத்தில் மிஞ்சிக் கிடக்கும் தூளை என்ன செய்வது என்பது உங்கள் தொழிலின் நெடுநாள் கேள்வி. அதைப் பழைய பிளாஸ்டிக்கில் கலந்து நாற்றுத் தட்டும் பூந்தொட்டியும் செய்யலாம் என்பது நல்ல யோசனை. அதை மறுக்க இந்த மடலை எழுதவில்லை. என் கவலையெல்லாம் கலக்கும் வழியைப் பற்றியது. தெர்மாகோலைப் பெட்ரோலிலோ தின்னரிலோ போட்டால் நொடியில் கூழாகிவிடும். அந்தக் கூழில் கரித்தூளைக் கொட்டிக் கிளறி, அச்சில் ஊற்றி வெயிலில் வைத்தால் வேலை முடிந்தது, இயந்திரமே வேண்டாம் என்று தோன்றும். பள்ளி அறிவியல் கண்காட்சி மேசையில் அது அழகாகவும் நடக்கும். அதைத் தொழிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். தீப்பிடிக்கும் என்ற பயம் மட்டும் இதற்குக் காரணமில்லை. கரியின் குணமே அந்த வழிக்கு எதிராக நிற்கிறது.

பிளாஸ்டிக்கில் தூள் கலப்பது புதிதல்ல. மொட்டைமாடியில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும், தண்ணீர்த் திட்டங்களுக்காக மண்ணில் பதிக்கும் கறுப்பு பாலிஎத்திலீன் குழாயும் கறுப்பாக இருப்பது அழகுக்காக அல்ல. வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கைச் சிதைத்துப் பொடியாக்கும். உள்ளே கலந்த கரிக்கறுப்பு அந்தக் கதிரை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காக்கிறது. இந்தியத் தர அளவுகோல் இவற்றுக்கு எடையில் 2.5 விழுக்காடு கரிக்கறுப்பு இருக்க வேண்டும், அரை விழுக்காடுதான் கூடவோ குறையவோ செய்யலாம் என்கிறது. ஆனால் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. நுண்ணோக்கியில் வைத்து, கறுப்பு எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கிறதா, எங்காவது கட்டி தட்டியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். காரணம் எளியது. கட்டி தட்டிய இடம் பிளாஸ்டிக்குக்குள் ஒரு கல் மாதிரி. இழுத்தாலும் வளைத்தாலும் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்; கறுப்பு சேராத இடத்தில் வெயில் புகும். கேழ்வரகு மாவைச் சுடுதண்ணீரில் அப்படியே கொட்டினால் வெளியே வெந்து உள்ளே உலர்ந்த மாவு உருண்டைகள் மிதக்குமே, அதுதான் இங்கும் நடக்கிறது. தூள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு பிடிவாதமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு கிராம் கரிக்கறுப்பின் துகள்களை விரித்துப் போட்டால் அதன் மேற்பரப்பு பல பத்து சதுர மீட்டர் வரும். அத்தனை பரப்பும் தன் இனத்தோடு ஒட்டத் துடிக்கிறது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலைக் கரிக்கறுப்பு, எண்ணெயை அரைகுறையாக எரித்து எடுப்பது; அதன் துகள் மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. மூட்டத்துக் கரியை எவ்வளவு அரைத்தாலும் அந்த நுண்மை வராது. ஆகவே உங்கள் தூள் வெயிலைத் தடுக்கும் மருந்தாகாது. பிளாஸ்டிக்கை விறைப்பாக்கும், பிளாஸ்டிக்கின் தேவையைக் குறைக்கும், கறுப்பு நிறம் தரும் நிரப்பி அது. அப்படிச் சொல்லி விற்றால் ஏமாற்று இல்லை.

இனி கலக்கும் வழி. சூடாக்கினால் இளகி, ஆறினால் இறுகும் பிளாஸ்டிக்கில் தூளைப் பரப்ப இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, உருக்கிப் பிசைவது. எக்ஸ்ட்ரூடர் என்ற திருகு இயந்திரம் இரும்புக் குழலுக்குள் அதைச் செய்கிறது. மற்றது, பிளாஸ்டிக்கைக் கரைப்பானில் கரைத்துத் தூளைக் கலந்து, பிறகு கரைப்பானை ஓட்டிவிடுவது. இரண்டாவது பாதைக்கு மரியாதையான வரலாறு உண்டு. 2006இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிராபீன் என்ற நுண் கார்பன் தகடுகளை டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பானில் பிரித்து, தெர்மாகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீனோடு கலந்தார்கள். கன அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிராபீன் சேர்ந்ததுமே, மின்சாரம் கடத்தாத அந்தப் பிளாஸ்டிக் கடத்தத் தொடங்கியது. ஓர் அணு தடிமன் உள்ள தகட்டை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க அன்று அதைவிடத் தோதான வழி இல்லை. ஆனால் அவர்களும் அந்தக் கலவையை வெயிலில் காயவைக்கவில்லை. மெத்தனாலில் சொட்டுச் சொட்டாக விட்டு, பிளாஸ்டிக் சட்டென்று திரியும்படி செய்தார்கள். பிறகு சூட்டில் அழுத்தித்தான் தகடாக்கினார்கள். மெல்லக் காயவிட்டால் பிரிந்த துகள்கள் மறுபடி கூடிக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் களத்தில் அந்தச் சிக்கல் இன்னும் பெரிது. திருகுக் குழலுக்குள் இருக்கும் உருகிய பிளாஸ்டிக் தண்ணீரைவிட லட்சம் மடங்குக்கு மேல் கெட்டி. அந்தக் கெட்டித்தன்மைதான் தூள் கட்டியைப் பிடித்து இழுத்துக் கிழிக்கிறது; பிசையும் கைக்கு மாவு கொடுக்கும் எதிர்ப்பு போல. கரைப்பானில் கரைந்த கூழுக்கு அந்தப் பிடி கிடையாது. எவ்வளவு கிளறினாலும் கட்டி கூழோடு சேர்ந்து சுழலுமே தவிர உடையாது. கிளறலை நிறுத்தியதும் கனமான துகள் அடியில் படியத் தொடங்கும். காய்ந்து எடுக்கும் பலகையின் அடிப்பக்கம் கரி மிகுந்து நொறுங்கும், மேல்பக்கம் வெறும் பிளாஸ்டிக்காக வளையும். ஒரே பலகையில் இரண்டு பொருள்.

அதோடு, எதைக் கரைக்கப் போகிறோம் என்ற கேள்வியும் இருக்கிறது. குடம், வாளி, எண்ணெய்க் கேன், பால் கவர், சாக்கு, கயிறு என்று நம் ஊரில் சேரும் பழைய பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும். சாதாரண வெப்பத்தில் இவை எந்தத் தின்னரிலும் கரையாது. கொதிநிலையை நெருங்கிய சைலீன் போன்ற கரைப்பான்களில்தான் கரையும். கொதிக்கும் சைலீன் அண்டாவை யாரும் ஊருக்குள் வைக்க முடியாது. ராமேஸ்வரம் பக்கம் கிழிந்து கரைக்கு வரும் நைலான் வலையைக் கரைக்க ஃபார்மிக் அமிலம் வேண்டும். பிவிசி கரையும், குழாய் ஒட்டப் பிளம்பர் வைத்திருக்கும் சொல்யூஷன் டப்பா அந்த வகைக் கரைசல்தான். கடைசியில் தின்னரில் எளிதாகக் கரைவது தெர்மாகோல் ஒன்றுதான். அதுவும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. மீன் பெட்டியாக வந்து குவியும் ஒரு வண்டித் தெர்மாகோலைக் கரைத்தால் ஒரு பக்கெட் பிளாஸ்டிக் மிஞ்சும். இதை நம்பித் தொழில் தொடங்க முடியாது.

இப்போது கரியின் குணத்துக்கு வருகிறேன்; என் வாதத்தின் மையம் இதுதான். பெயின்ட் பட்டறைகளிலும் அச்சகங்களிலும் காற்றில் பறக்கும் டொலுயீன் என்ற கரைப்பானின் ஆவியைப் பிடிக்க என்ன வைக்கிறார்கள்? கரி. பதப்படுத்திய கரியின் நுண்துளைகள் அந்த ஆவியை உறிஞ்சி உள்ளே பூட்டிக்கொள்ளும்; திரும்ப எடுக்க நீராவி பாய்ச்ச வேண்டும். மூட்டத்துக் கரி அந்த அளவுக்குப் பதப்படுத்தியதல்ல என்றாலும் அதே குடும்பம், அதே துளைகள். கரைப்பானை வெளியே போகச் சொல்லும் கலவைக்குள், கரைப்பானைப் பிடித்து வைப்பதற்கென்றே உலகம் பயன்படுத்தும் பொருளைக் கொட்டுகிறோம். பிளாஸ்டிக்கும் சேர்ந்து கதவைச் சாத்துகிறது. பாலிஸ்டைரீன் 100 டிகிரி அளவில்தான் இளகும். அதற்குக் கீழே அது கண்ணாடி மாதிரி இறுக்கம். கரைப்பான் வெளியேற வெளியேற மேலே தோல் கட்டி, மிச்சம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பலகை கைக்குக் காய்ந்தது போல் இருக்கும், உள்ளே மாதக்கணக்கில் தின்னர் இருக்கும். அது மெல்லக் கசியும், பொருளை மென்மையாக்கும், வெயிலில் கொப்புளம் விடும். பிளாஸ்டிக்கைக் காக்கச் சேர்க்கும் மருந்துகளில் ஒரு பகுதியையும் கரியின் பரப்பு தன்மேல் ஒட்டிக்கொள்ளும் என்பது தொழிலில் தெரிந்த விஷயம். கரைப்பானில் மிதக்கும் போது அதற்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம்.

கணக்கையும் பாருங்கள். பத்துக்கு ஒன்று என்ற கரைசலில் ஒரு கிலோ பாலிஸ்டைரீனுக்கு ஒன்பது கிலோ டொலுயீன் வேண்டும். பத்து லிட்டருக்கு மேல். அது முழுதும் ஆவியானால் ஏறக்குறைய இரண்டரைக் கன மீட்டர் ஆவி. காற்றில் நூற்றுக்கு 1.1 பங்கு டொலுயீன் கலந்தாலே பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். ஆக, ஒரே ஒரு கிலோ பிளாஸ்டிக்குக்கான கரைப்பான், பத்து மீட்டர் நீளமும் ஏழு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள ஒரு கூடம் முழுவதையும் வெடிக்கும் காற்றாக்கப் போதும். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போய்ப் பக்கத்து அடுப்பைத் தேடும். பக்கத்தில் மூட்டம் புகைந்துகொண்டிருக்கும் களத்தில் இதைச் செய்வது பற்றி நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை. வெப்பக் கணக்கும் அப்படியே. அந்த ஒரு கிலோவை 200 டிகிரிக்குச் சூடாக்க 0.3 மெகாஜூல் அளவு வெப்பம் போதும். ஒன்பது கிலோ டொலுயீனைச் சூடாக்கி ஆவியாக ஓட்ட நாலரை மெகாஜூல் வேண்டும். வெயில் இலவசம்தானே என்றால், வெயில் ஓட்டிய டொலுயீன் அந்தக் களத்துப் பெண்களின் மூச்சுக்குள் போகிறது.

பெட்ரோலாக இருந்தால் இன்னும் மோசம். இன்றைய தர விதிப்படி பெட்ரோலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை பென்சீன் இருக்கலாம். பென்சீன் இரத்தப் புற்றுநோய் வரவழைக்கும் பொருள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள 10 மில்லி பென்சீன் முழுதும் தண்ணீரில் சேர்ந்தால் எட்டரை லட்சம் லிட்டருக்கு மேல் அந்த அளவை எட்டும். முதுகுளத்தூர் வட்டாரத்தில் ஊருணித் தண்ணீருக்கு என்ன மதிப்பு என்பதைத் தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தள்ளிப் போகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் அதுதான் கதி. கழுவி ஊற்றிய ஒரு டப்பா அங்கே போய்ச் சேரக் கூடாது.

மறுப்புகள் வரும், வர வேண்டும். முதல் மறுப்பைப் படித்த பிள்ளைகள் சொல்வார்கள்: பக்கத்து மாவட்டத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறதே, 1953இல் திறந்தது, லித்தியம் அயனி மின்கலம் செய்து காட்டிய இடம். மின்கலத்தின் நேர்முனையைக் கரைப்பானில் தானே செய்கிறார்கள்? உண்மைதான். பாலிவினைலிடீன் ஃபுளோரைடு என்ற பிளாஸ்டிக்கை என்.எம்.பி. என்ற கரைப்பானில் கரைத்து, அதில் கரிக்கறுப்பையும் மின்கலத் தூளையும் கலந்து, அலுமினியத் தாளில் தடவி உலர்த்துவதுதான் உலகம் முழுவதும் நடக்கும் முறை. பிளாஸ்டிக்கில் தூளைக் கரைப்பான் கொண்டு பரப்பும் மிகப் பெரிய தொழில் இன்று அதுவே. ஆனால் அங்கே பூச்சின் தடிமன் ஒரு தாளின் தடிமன்தான். கரைப்பான் ஓடிவிட வழி குறுகியது. ஓடியதை உலையின் மறுமுனையில் குளிரவைத்துப் பிடித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். அப்படியும் அந்தக் கரைப்பான் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக் கூடியது என்பதால், 2020 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குக் கடும் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. எதிர்முனையைத் தண்ணீரில் கலக்கும் முறைக்குத் தொழில் பெரும்பாலும் மாறிவிட்டது. கரைப்பானே இல்லாமல் உலர்ந்தபடியே முனை செய்யும் நுட்பத்துக்காக 2019இல் டெஸ்லா, மேக்ஸ்வெல் என்ற நிறுவனத்தையே வாங்கியது. பணமும் இயந்திரமும் ஆய்வாளர்களும் குவிந்திருக்கும் ஒரு தொழில் கரைப்பானிலிருந்து வெளியேற இவ்வளவு பாடுபடும்போது, நாம் புதிதாக அதற்குள் நுழைவானேன்?

இரண்டாவது மறுப்பு, கரைப்பானைப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்தினால் சரிதானே என்பது. கோட்பாட்டில் சரி. இத்தாலியின் ஃபெராரா நகரில் 2002இல் வினிலூப் என்ற ஆலை அப்படித்தான் தொடங்கியது. பழைய பிவிசியைக் கரைத்து, அழுக்கை வடித்து, கரைப்பானைச் சுற்றில் வைத்துப் புது பிவிசி எடுத்தது. 2018இல் மூடிவிட்டார்கள். கரைப்பான் கசிந்ததல்ல காரணம். பழைய பிவிசியில் ஏற்கெனவே ஊறியிருந்த தாலேட் மென்மையாக்கிகளைப் பிரிக்க முடியவில்லை, சட்டம் அவற்றை ஏற்கவில்லை. கரைத்தால் எல்லாம் தனித்தனியாகப் பிரியும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீன் தெர்மாகோலைக் கரைக்கும், நச்சும் குறைவு என்பார்கள். ஆனால் அதன் கொதிநிலை 176 டிகிரி. டொலுயீனே போக மறுக்கும் கரித்துளையிலிருந்து அது எப்போது போகும்?

மூன்றாவது மறுப்புதான் கனமானது: எக்ஸ்ட்ரூடர் வாங்கக் காசு எங்கே? இதை லேசாகத் தள்ள முடியாது. மூட்டம் போடுகிறவருக்கு அந்த இயந்திரம் எட்டாத விலை. ஆனால் உருக்கிக் கலப்பதற்கு ஒவ்வொரு களத்திலும் இயந்திரம் தேவையில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் இரா. வாசுதேவன் செய்ததைப் பாருங்கள். குப்பைப் பிளாஸ்டிக்கைத் துண்டாக்கி, 160 முதல் 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மேல் தூவினார். சில நொடிகளில் அது உருகிக் கல்லின் மேல் தோலாகப் படிந்தது. அதன் பிறகு தார். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே அப்படி ஒரு சாலை போட்டார். 2006இல் காப்புரிமை, 2018இல் பத்மஸ்ரீ. அதற்கென்று புது ஆலை கட்டவில்லை. தார் கலக்கும் இடத்தில் ஏற்கெனவே சூடாகும் கல்லின் வெப்பத்தையே எடுத்துக்கொண்டார். ஒரு சொட்டுக் கரைப்பான் இல்லை. அது கல்லுக்குப் பூச்சு, உங்களுடையது தூளின் கலப்பு, இரண்டும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனால் ஊரில் இருக்கும் சூட்டையும் இயந்திரத்தையும் கூலிக்கு எடுத்துக்கொள்ளும் அந்தப் புத்தி உங்களுக்கும் பொருந்தும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணை போடும் பட்டறைகள் மதுரைப் பக்கம் உண்டு. நாற்பது, ஐம்பது விழுக்காடு தூளை ஏற்றிய கெட்டிக் குருணையை முதலில் செய்து, பிறகு அதை வெறும் பிளாஸ்டிக்கோடு சேர்த்து நீர்த்துக்கொள்வதற்கு மாஸ்டர்பேட்ச் என்று பெயர். குடத்துக்கும் வாளிக்கும் நிறம் ஏறுவது அப்படித்தான். கரிக் குழுக்கள் சேர்ந்து தூளைத் தயார் செய்து கொடுத்தால், பிசைகிற வேலையை அந்தப் பட்டறைக்காரர்களிடம் கூலிக்கு விடலாம். 1968இல் சென்னை கிண்டியில் தொடங்கிய சிபெட் நிறுவனத்தின் மையம் மதுரையிலும் இருக்கிறது; கலக்கவும் சோதிக்கவும் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

உருக்குவது என்றதும் டிரம்மில் போட்டு விறகு வைத்துக் காய்ச்சுவதை யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். அதில் எழும் புகை தின்னருக்குக் குறைந்ததல்ல. பிவிசி கலந்துவிட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். சூட்டில் பிளாஸ்டிக்கின் தரம் குறையும் என்ற மறுப்பும் நியாயமானது. மூடிய குழலில், வெப்பம் அளந்து, ஒருமுறை அல்லது இருமுறை மட்டும் உருக்கினால் அந்த இழப்பு தாங்கக்கூடியது. கரைப்பான் மிச்சம் தரும் கேடு அதைவிடப் பெரிது.

உங்கள் கையில் இருக்கும் வேலை தூளில்தான். அதில் உங்களைவிடத் தேர்ந்தவர் யாருமில்லை. மூட்டம் மூடிய மண் கரியோடு வந்துவிடும். மணல் ஒரு பிடி போதும், திருகைத் தேய்த்துவிடும். ஆகவே தூள் எடுக்கக் கரியைத் தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் கொட்டுங்கள். கரி காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரத்தோடு போனால் குழலுக்குள் ஆவியாகிப் பிளாஸ்டிக்கில் குமிழி விடும். நன்றாக உலர்த்தி, சூடு ஆறியதும் உடனே காற்றுப் புகாத பையில் கட்டுங்கள். அரைக்கும் இடத்தில் மூக்குத்துணி போதாது, முகக்கவசமும் காற்றோட்டமும் வேண்டும். காற்றில் மிதக்கும் கரித்தூளும் பற்றும். செய்யும் பொருள் நாற்றுத் தட்டு, தொட்டி, வேலிக் கல் போன்றதாக இருக்கட்டும். தண்ணீர்க் குடமும் சோற்றுப் பாத்திரமும் வேண்டாம். பழைய பிளாஸ்டிக்கில் என்ன இருந்தது என்று யாருக்கும் உறுதியில்லை.

கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கரைப்பான் வேண்டியிருக்கும். செய்த குருணையில் ஒரு கிராம் எடுத்து, ஆய்வக உறிஞ்சுகூண்டுக்குள் சூடான சைலீனில் கரைத்து வடிகட்டினால், கரி எத்தனை விழுக்காடு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். ஒரு கிராமுக்குத் தகும் வேலை அது. பரவல் பார்க்கக் கரைப்பானே வேண்டாம். இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே ஒரு குருணையைச் சூட்டில் அழுத்தி மெல்லிய படமாக்கி, நுண்ணோக்கியில் வைத்து வெளிச்சம் பாய்ச்சினால் கட்டிகள் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். பத்துப் படத்தில் புள்ளிகளை எண்ணுங்கள். அடுத்த முறை, வேறு சல்லடையில் சலித்த தூளிலும், கட்டி தட்டாமலிருக்கக் கொஞ்சம் ஸ்டியரிக் அமிலம் பூசிய தூளிலும் அதே எண்ணிக்கையை எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி, தூள் கொடுத்த அக்காமாரிடமும் அண்ணன்மாரிடமும் காட்டுங்கள். எந்தச் சல்லடைத் தூளில் புள்ளி குறைந்தது என்று தெரிந்தால், அடுத்த மூட்டத்துத் தூளை எதில் சலிப்பது என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

அன்புடன்,
உங்கள் தூளுக்கு ஒரு விலை கிடைக்க வேண்டும் என்று விரும்பும் ஒருவர்